புள்ளி வைத்த எழுத்து

கரண்ட் பில்லின் பின்பக்கத்தில்
லோகு எல்லோரையும் எழுதினான்.
எத்திராஜ், சந்திரா, அவன் பக்கம்.
தேவநேசன், எஸ்தர், என் பக்கம்.
கீழே ஒரு கோடு,
கோட்டுக்கு அடியில் லோகநாதன், ரூத்.
வஞ்சிரத்தைத் துண்டு போடுகிற மாதிரி
தலை வேறு வால் வேறாக வெட்டத் தொடங்கினோம்.

தண்டையார்பேட்டை, இரண்டாவது மாடி.
ஜன்னலைத் திறந்தால் கன்டெய்னர் லாரி வரிசை,
மூடினால் புழுக்கம்.
தூளியில் தூங்குகிறவள்
இருபத்தாறு நாளாக வெறும் பாப்பா.

முதலில் எங்கள் இரண்டு பேரை ஒட்டினோம்.
லோரூ.
"லாரி மாதிரி கீதுப்பா" என்றார் மாமனார்,
"எண்ணூர் ரோட்டுல போறது பத்தாதா?"
எஸ்சந். தேவெத்தி. சந்தெஸ்.
அத்தைக்குச் சிரித்துச் சிரித்து இருமல் வந்தது.
மாமனார் மட்டும் பிடியை விடவில்லை:
"எனக்கு ஒரு எழுத்து வேணும்.
ஹார்பர்ல முப்பத்தோரு வருசம்
ஏய் கிரேனுன்னுதான் கூப்ட்டானுங்க."

ரா கிடைத்ததும் அடங்கினார்.
எத்திராஜிலும் ரா, சந்திராவிலும் ரா.
பத்துக்குப் பத்து அறையில்
நாலு பிள்ளை வளர்த்தவர்களுக்கு
இரண்டு பேருக்கு ஓர் எழுத்து தாராளம்.

என் அப்பாவிடமிருந்து நே எடுத்தேன்.
தேவ-வைத் தேவனுக்கே விட்டுவிட்டேன்.

"நேரா" என்று படித்தான் லோகு.
"நேரா போய் லெஃப்ட்ல திரும்பு" என்றான் அவன் தம்பி.
நடுவில் ஏதாவது வேண்டும்.

த், என்றேன்.

"ரூத்தோட த்-தா? பரவால்லியே,
நைசா நீயும் உள்ள பூந்துட்ட."
லோகு தனக்கு இனிஷியல் போதும் என்றான்.
நான் எதையும் மறுக்கவில்லை.
அம்மா வெங்காயம் உரிப்பதை நிறுத்தினாள்,
மறுபடி உரித்தாள்.
தனக்கு ஓர் எழுத்தும் வரவில்லையே என்று கேட்கவில்லை.

அன்றைக்கு ராயபுரம் ஆஸ்பத்திரியில்
என்னோடு இருந்தவள் அவள்தான்.
என் சுண்டுவிரல் பருமன் மணிக்கட்டில்
நீலப் பேனாவால் எழுதிக் கட்டியிருந்தார்கள்.
பட்டையில் இடம் பத்தாமல்
முதல் வரியில் ரூ.
அடுத்த வரியில்
த் குழந்தை. ஆண்.
ஒன்று புள்ளி இரண்டு கிலோ.

இரண்டு நாள். கண் திறக்கவில்லை.
மூலக்கொத்தளத்தில் பெயர் கேட்டார்கள்.
"இன்னும் வெக்கல" என்றான் லோகு.
அந்த இன்னும்
எங்கள் வீட்டில் ரொம்ப நாள் உட்கார்ந்திருந்தது.

மெய் என்றால் உடம்பு.
உயிர் ஏறாத உடம்புக்குத்
தலைமேல் ஒரு புள்ளி.
ஆறாம் வகுப்பில் இதை
இரண்டு மார்க்குக்காக மனப்பாடம் செய்தேன்.

கீழ்வீட்டு ஃபர்ஹானா
செல்லில் தேடிவிட்டு மாடியேறி வந்தாள்.
"நேத்ரான்னா கண்ணாமே அக்கா!"
யாருக்கும் தெரிந்திருக்கவில்லை.
அர்த்தமும் வந்துவிட்டதென்று
மாமனார் எல்லோருக்கும் பாதாம்பால் வாங்கி வந்தார்,
தனக்கு மட்டும் சர்க்கரை இல்லாமல்.

மண்டல அலுவலகத்தில்
கம்ப்யூட்டர் முன்னால் இருந்தவர் கேட்டார்:
"இங்கிலீஷ்ல டி மட்டுமா, ஹெச் உண்டா?"
இங்கிலீஷில் புள்ளி கிடையாது.
"ஹெச் போடுங்க சார்."
"போடாமயும் எழுதறாங்கம்மா."
"போடுங்க."
வாயருகே கை வைத்துச் சொல்லிப் பார்த்தால்
அது வெறும் மூச்சுதான்.

ஒரே விரலால் தட்டினார்.
திரையை என் பக்கம் திருப்பினார்.
"அப்பறம் மாத்த முடியாது,
சரியா இருக்கான்னு பாத்துக்க."
பின்னால் நின்றவரின் பை இடுப்பில் இடித்தது.
லோகுவின் தோளில் பாப்பா கொட்டாவி விட்டாள்.
எழுத்தெழுத்தாகப் பார்த்தேன்.

"இருக்கான்" என்று சொல்லிவிட்டேன்.

அவர் கவனிக்கவில்லை.
முத்திரைக் கட்டையைத் தேடிக்கொண்டிருந்தார்.