கீலுக்கு எண்ணெய்

கடலைவிடத் தாழ்ந்த நிலம் எங்களுடையது,
ஜேலாந்தின் கரையில் ஒரு தீவு.
வருஷத்துக்கு நான்கு முறை ஆலயத்தில்
வெள்ளைத் துணி விரித்த நீள மேசை.
எண்ணூறு பேர் பெஞ்சில்.
திருவிருந்துக்கு எழுந்து போகிறவர் முப்பது பேர்,
நல்ல வருஷமென்றால் முப்பத்திரண்டு.
மற்றவர்கள் மிட்டாய் கரையக் கரைய
மேசையைப் பார்த்திருப்பார்கள்,
பந்தியில் தன் பெயர் உண்டா என்று
கேட்கவும் கூசுகிறவர்கள்.

பதினோரு வருஷத்துக்கு முன், ஒரு செப்டம்பரில்,
நான் எழுந்தேன்.

யாரிடமும் சொல்லாதது இது:
என் இடது கால் மரத்துப் போயிருந்தது.
பிரசங்கம் ஒன்றே முக்கால் மணி.
உதறிக்கொள்ளத்தான் எழுந்தேன்.
பெஞ்சின் ஓரத்தில் மூப்பர் மரினுஸ்
முழங்காலை ஒதுக்கி வழிவிட்டார்.
அவர் கண்ணில் நீர்.
கண்ணில் நீரோடு வழிவிட்டவரிடம்
கால் மரத்துவிட்டது என்று
எந்த வாயால் சொல்ல?
போனேன்.
நொண்டிக்கொண்டே போனேன்.
யாக்கோபைப் போல நடந்தாள் பீட்டர்நெல் என்று
பிறகு பேசிக்கொண்டார்கள்.

பெஞ்சிலேயே இருந்தான் என் கணவன்.

க்ரைன் மதகுக்காரன்.
ஓதம் ஏறினால் இரட்டைக் கதவு
தானே சாத்திக்கொள்ளும்.
வற்றினால் உள்நீர் தள்ளத்
தானே திறக்கும்.
அவன் கீலுக்கு எண்ணெய் போடுவான்,
இடுக்கில் சிக்கிய பாசியை எடுப்பான்.
"திறப்பது என் வேலையில்லை.
துருவால் திறக்கவில்லை என்று மட்டும்
யாரும் சொல்லிவிடக் கூடாது."
இதற்கு மேல் அவன் இறையியல் பேசியதில்லை.
முப்பத்தாறு வருஷமாய்
உள்ளே இருக்கும் இன்னொரு கீலுக்கும்
அப்படித்தான் போட்டு வருகிறான்.
எனக்குத் தெரியும்,
விடியுமுன் சமையலறையில்
அவன் முழங்கால் தரையில் படும் சத்தம்.

ஒரே கட்டிலில் இருவர் என்ற வசனம்
பிரசங்கத்தில் வரும் நாளில்
நாங்கள் முகம் பார்த்துக்கொள்வதில்லை.

ஒரே ஒரு முறை கேட்டான்:
"அழைப்பு எப்படி இருந்தது? குரலா?"
"காலில் தொடங்கியது" என்றேன்.
பொய் இல்லை.
அன்று முதல் ஆலயத்தில் அவன்
தன் கால்களையே பார்த்திருக்கிறான்.

போன திருவிருந்துக்கு முந்தின சனிக்கிழமை.
மதகு அறையில் பூனை நான்கு ஈன்றிருந்தது.
பிடரியைக் கவ்வி ஒவ்வொன்றாய்ப்
பரணுக்குக் கொண்டுபோனது.
மூன்று.
நாலாவது வைக்கோலில் கிடந்து கத்தியது,
கண் திறவாத அந்த உடம்புக்குப்
பெரிய குரல்.
க்ரைன் விளக்கைத் தரையில் வைத்து உட்கார்ந்தான்.
"வரும்" என்றான்.
"வராவிட்டால்?"
மணி பதினொன்று. ஓதம் திரும்பும் நேரம்.
எழுந்து போய் எண்ணெய் போட்டு வந்தான்.
பரணுக்கு ஐந்தே படி.
"எடுத்து வைத்துவிடேன்."
"என் வாடை பட்டால் ஒதுக்கிவிடும்."

அப்போதுதான் சொன்னேன்,
மரத்த காலை, மரினுஸின் முழங்காலை,
பதினோரு வருஷ நொண்டலை.
அவமானத்தில் என் காது சுட்டது.
அவன் வெகுநேரம் பேசவில்லை.
பிறகு சிரித்தான்,
தோள் குலுங்க, கண் துடைத்துக்கொண்டு.
பிறகு கேட்டான்:
"சரி. மரினுஸின் முழங்காலை
ஒதுக்கச் சொன்னது யார்?"

அதற்கு என்னிடம் விடையில்லை.
நான் எழுந்தேனா, எழுப்பப்பட்டேனா,
வினைச்சொல்லில் சின்ன வித்தியாசம்,
நடுவே ஒரு சமுத்திரம்.

அந்தப் பேச்சில் கத்தல் நின்றதை
நாங்கள் கவனிக்கவில்லை.
திரும்பினால் வைக்கோல் காலி.
தாய் வந்ததோ, தானே ஊர்ந்ததோ,
கதவு இடுக்கில் மரநாய் புகுந்ததோ.
மேலே இருட்டில் பால் குடிக்கும் சத்தம்.
மூன்று வாயா நான்கா,
சத்தத்தில் தெரியாது.

க்ரைன் ஏணியின் முதல் படியில்
ஒரு காலை வைத்தான்.
எடுத்துக்கொண்டான்.
எண்ணெய்க் கையைச் சட்டையில் துடைத்தான்.
மறுபடி வைத்தான்.