கழுத்துத் துண்டு

ஆயுத பூசைக் குலுக்கலில் விழுந்த பெட்டி
மூன்று மாதமாய் அரிசி மூட்டைமேல் உட்கார்ந்திருந்தது.
'காத்துல எப்படிங்க பொரியும்' என்றுவிட்டு
கோமளவல்லி அதன்மேல் மடித்த துணி அடுக்கினாள்.

எங்கள் லைன் வீட்டில் ஆறு குடித்தனம்.
யூனிட்டுக்குப் பத்து ரூபாய்
என்று சொல்லித்தான் சாவி தந்தார் வீட்டுக்காரர்.
பெட்டியின் முதுகில்
ஆயிரத்து நானூறு வாட் என்றிருந்தது.
படித்ததோடு நானும் நிறுத்திக்கொண்டேன்.

இன்று ஞாயிறு. ஷிப்மென்ட் போய்விட்டது.
மிதுளா வந்து நின்றாள்:
'டோனட் ஓட்டை வேணும்ப்பா.'
டோனட்டா கண்ணு?
'இல்ல. ஓட்டை. ஓட்டை மட்டும்.'
கூடப் படிக்கும் பிள்ளை டப்பாவில் கொண்டுவந்ததாம்,
உருண்டை உருண்டையாய்.
ஒன்றே ஒன்று கொடுத்தாளாம்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை.
பத்தொன்பது வருடமாய் வெட்டு மேசையில் நிற்கிறேன்.
நூறு அடுக்குத் துணியில் கத்தி இறங்கினால்
ஓட்டை பனியனோடு கப்பலேறிவிடும்,
எந்த ஊர்த் தலையோ நுழைய.
துண்டு மேசைக்கடியில் விழும்,
பிறை மாதிரி, உள்ளங்கை அகலம்.
சாயங்காலம் மூட்டை கட்டிக் கிலோ கணக்கில் போடுவார்கள்.
கிரீஸ் துடைக்கப் போகும்.
அதையும் ஓட்டை என்று கூப்பிடலாம் என
எனக்குத் தோன்றியதே இல்லை.

மைதா ஒரு டம்ளர்.
வெள்ளை இன்டர்லாக்கில் கட்டிக்
குழாயில் தொங்கவிட்ட தயிர், முக்கால்.
பேக்கிங் பவுடர், உப்பு, இரண்டு ஏலக்காய்.
பிசையக் கூடாது, சேர்த்தால் போதும்.
கை கேட்கவில்லை, பிசைந்துவிட்டது.

நான் உருட்டியதெல்லாம் ஒரே அளவு.
அவளுடையது நெல்லி, எலுமிச்சை, கோலிக்குண்டு.
அளவு மாறினால் பீஸ் ரிஜெக்ட் அம்முணி, என்றேன்.
'ஓட்டைக்கு எதுக்குப்பா அளவு?'

முதல் ஈடு வெளுத்து வெடித்தது,
நொய்யல் ஓரத்துக் கல் மாதிரி.
எண்ணெய் இல்லாமல் என்றால்
துளிகூட இல்லாமல் என்று நினைத்துவிட்டேன்.
இரண்டாவதற்குக் கடலை எண்ணெயைத்
துணிமுனையில் தொட்டுத் தடவினேன்.
நூற்றெண்பது. எட்டு நிமிடம்.
ஆறாவது நிமிடத்தில் லைன் முழுக்க இருட்டு.

ஆறு கதவும் திறந்தன.
நாலாம் நம்பர் மமதா
அரைத்த கடுகோடு மிக்ஸி ஜாரைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.
'யாருங்க அது?' மாடியிலிருந்து வீட்டுக்காரர்.
யாரும் என்னைப் பார்க்கவில்லை.
வாசம் மட்டும் என் வீட்டிலிருந்து வந்துகொண்டிருந்தது.

ரங்கசாமி ஸ்டூல் போட்டு ஃப்யூஸ் கட்டினார்.
இரண்டு நிமிடம் மிக்ஸி வேண்டாம் என்று
நான் ஜாடை காட்ட,
மமதா இரண்டு விரலைத் திருப்பிக் காட்டினாள்.
நிமிடமா, உருண்டையா?
இரண்டுக்கும் தலையாட்டினேன்.

நாட்டுச் சர்க்கரையில் சுக்குப்பொடி கலந்து
சூட்டோடு புரட்டினோம்.
வெளியே மொறுமொறு, உள்ளே பஞ்சு.
'இதைப் பாகில் போடலையா?' என்று மமதா.
'சர்க்கரை போண்டாதானுங்க இது' என்று கோமளவல்லி,
மூன்றாவதை மென்றுகொண்டே.
வீட்டுக்காரருக்கு நாலு போயிற்று.
தட்டு மட்டும் திரும்பி வந்தது,
யூனிட் பற்றிப் பேச்சில்லை.
வரும், ஒன்றாம் தேதி.

கடைசியில் இரண்டு மிச்சம்.
நான் கை நீட்டினேன்.
மிதுளா தட்டிவிட்டாள்.
'அவ ஒன்னு குடுத்தா.
நான் ரெண்டாக் குடுக்கோணும்.'

டப்பாவில் உருளாமல் இருக்க
சட்டைப் பையில் கிடந்த கழுத்துத் துண்டை
அடியில் விரித்துப் பார்த்தேன்.
பொருந்தவில்லை.
ஒரு பக்கம் விரல்கடை இடம்
வெறுமனே கிடந்தது.