ஃபலஜ் அல் முஅல்லாவுக்கு வரலாமா என்று கேட்கிறாய்

வாடகை பாதி.
அதை முதலில் சொன்னால்தான்
மேற்கொண்டு கேட்பாய், சுல்பிகர்.
சம்பளமும் முக்கால்தான்.
அதைக் கடைசியில் சொல்லியிருக்க வேண்டும்.

கிளினிக்கிலிருந்து அறைக்கு
பதினோரு நிமிட நடை.
ஒட்டகம் குறுக்கே நின்றால் பதினைந்து.
ஹாரன் சத்தம் கேட்டால்
யாருக்கோ கல்யாணம் என்று அர்த்தம்.

பல்வலி மட்டும்
சனிக்கிழமை வரக்கூடாது.
எனக்கு வந்தது.
கிராம்பைக் கடித்தபடி திங்கள்வரை கிடந்தேன்.
நடுவில் ரியாசுதீன் கதவைத் தட்டி
மாத்திரை தந்துவிட்டுப் போனார்.
நான் யாரிடமும் சொல்லவில்லை.
ரெண்டு நாளாக ரொட்டி வாங்க வரவில்லை என்று
பேக்கரிக்காரன் சொன்னானாம்.

அதே பேக்கரிக்காரன்தான்
அவனிடம் பேனா இரவல் வாங்கி
நான் எழுதிய ராஜினாமாவை
எனக்கு முன்னால்
முதலாளியின் டிரைவரிடம் சேர்த்தவன்.

பஸ் ஏழு மணியோடு சரி.
அதற்குப் பிறகு நீ அழைத்தாலும்
வர முடியாது என்னால்.
நீதான் வரவேண்டும்.
வழி கேட்க பெட்ரோல் பங்க்கில் நிறுத்து;
நீ வண்டியை எடுப்பதற்குள்
எனக்கு ஆள் வந்திருப்பது
எனக்குத் தெரிந்துவிடும்.

அந்தக் கடிதமா?
இன்னும் பெட்டியில்தான் கிடக்கிறது.
ஏன் கொடுக்கவில்லை என்று
என்னிடம் கேட்காதே.
பேக்கரியில் கேள்.