கொள்முதல் விலை

கோப்பு கனத்துவிட்டது என்றது மென்பொருள்.
இருபத்தொன்பது வருடம்,
பதினெட்டாயிரத்துச் சொச்சம் பதிவுகள்.
பழையதைக் கத்தரித்துவிடட்டுமா?
டுலூத்தில் அன்றிரவு காது உதிரும் குளிர்.
காப்பி ஆறிக்கொண்டிருந்தது.
ஆம் என்று அழுத்தினேன்.

கண் சிமிட்டுவதற்குள் திறந்துகொண்டது கோப்பு.
சந்தோஷமாகத்தான் இருந்தது,
வரிக்கணக்குப் பக்கத்தைப் பார்க்கும்வரை.
ஒவ்வொரு பங்குக்கும் எதிரே
கொள்முதல் விலை: பூஜ்யம்.
மொத்தமும் லாபம்.
வென்டெல் ஹாகன்
எதற்கும் எதையும் கொடுக்காதவன்,
வானம் கொட்டியதை மடியில் ஏந்தியவன்.

துறைமுகத்துத் தூக்குப்பாலத்தில் வேலை பார்த்தேன் நான்.
கப்பல் ஊதும், பதிலுக்கு ஊதுவேன்,
இரும்பு எழும்பும்.
பெயரையும் மணியையும் ஏட்டில் எழுதுவேன்.
எழுதாவிட்டால் அந்தக் கப்பல் வரவில்லை, அவ்வளவுதான்.

காப்புப் பிரதி இருந்தது.
அந்த வட்டைப் படிக்கும் இயந்திரம்தான்
இப்போது யாரிடமும் இல்லை.
தூண்டில் பெட்டியில், ஈயக்குண்டுகளுக்கு அடியில்,
ரப்பர் வளையம் மக்கி ஒட்டிப்போன ரசீதுகள்.
ஜனவரியில் தொடங்கினேன்.

ஈவுத்தொகையில் வாங்கியது: 0.037 பங்கு.
நகக்கண் அளவு.
அதையும் அடித்தேன்.
ஏரியில் போட்டாலும் அளந்து போடுகிற ஆள்.
ஒன்று இரண்டான வருடம்,
இரண்டு நான்கான வருடம்,
காகித ஆலை தன் பெட்டி வியாபாரத்தைப் பிரித்துவிட்டபோது
விலையும் பிரிந்தது, எழுபத்தெட்டுக்கு இருபத்திரண்டு.
2003, ஆகஸ்ட்:
பாதிப் பங்குகள் மார்லிஸ் பெயருக்கு.
விற்றதில்லை. கொடுத்ததுமில்லை.
அதற்கென்று தனி வகை வைத்திருக்கிறார்கள்,
பட்டியலை உருட்டிக்கொண்டே போனால்
கடைசிக்கு முந்தையது.

மார்ச் 1998இல் மாட்டிக்கொண்டேன்.
பதினோரு பங்கு விற்பனை.
ஐந்நூற்றெழுபத்திரண்டு டாலர்.
குறிப்பு என்ற இடத்தில், என் கையெழுத்தில்,
ஒரே எழுத்து: டி.

டாக்டரா? அந்த வருடம் யாருக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை.
டயரா? டயருக்குப் பங்கை விற்கிற நிலைமை இல்லை.
டிவோர்ஸ் வக்கீலா,
ஐந்து வருடத்துக்கு முன்பே, எனக்கே தெரியாமலா?
இரண்டு இரவு தூங்கவில்லை.
மூன்றாம் நாள் க்ளோக்கெட்டுக்குப் போன் செய்தேன்,
நான்கு வருடத்தில் முதல்முறை.

"டிரம்ஸ்," என்றாள் மார்லிஸ்,
கேள்வி முடியும் முன்பே.
"கோரிக்கு. பதின்மூன்று வயசு.
தலைவலி தலைவலி என்று
வேண்டாத ஷிஃப்ட்டையெல்லாம் வாங்கிக்கொண்டு
பாலத்துக்கு ஓடுவாயே, மறந்துவிட்டதா?"

மறந்துதான் போயிருந்தது.
அடித்தளத்து அறை. பழைய மெத்தையைச் சுவரில் ஆணியடித்தது.
அப்படியும் கோப்பைகள் அலமாரியில் நடுங்கியது.
கோரி இப்போது ஃபார்கோவில் ஃபர்னஸ் பழுது பார்க்கிறான்.
கேட்டால் உண்டு இல்லை என்று பேசுவான்.

பேனாவை எடுத்துப் பெருக்கினேன், வேண்டாத வேலை:
விற்காதிருந்தால் இன்று நாற்பத்து நான்கு பங்கு,
ஆறாயிரத்து நூற்றறுபது டாலர்.
டிரம்ஸ் போனது வாசல் விற்பனையில், நாற்பதுக்கு.

நஷ்டம் என்று எழுத மென்பொருளில் இடம் இருக்கிறது.
எழுதவில்லை.
'டி'க்குப் பக்கத்தில் மீதி எழுத்துக்களை அடித்தேன்,
சத்தம் என்றும் சேர்த்தேன்.
அந்தக் கட்டத்துக்குள் அவ்வளவுதான் பிடித்தது.

இன்னும் 0.004 பங்கு உதைக்கிறது.
சரிக்கட்டும் பொத்தான் மேலேயே இருக்கிறது,
ஒரு தட்டுத் தட்டினால் ஐந்தொகை நேராகிவிடும்.
வெளியே பனி விலகிய வாய்க்காலில்
இந்தப் பருவத்தின் முதல் கப்பல் ஊதுகிறது,
யாரோ பதிலுக்கு ஊதுகிறார்கள்.
கடிகாரத்தைப் பார்த்தேன், பழக்கம்:
நாலு பதினேழு.
தூண்டில் பெட்டியை மறுபடி கவிழ்த்தேன்.