விரல் பதியவில்லை

கோத்தகிரியில் எங்கள் ரேஷன் கடை
தேயிலை ஃபாக்டரிக்கு எதிரே, சரிவில்.
மாதம் பிறந்தால் அடைக்கன் வருவார்.
மெஷின் மேல் கட்டைவிரலை வைப்பார்.
பச்சை வெளிச்சம் வரும், போகும்.
'விரல் பதியவில்லை.'
ஆள்காட்டி விரல். பதியவில்லை.
வேட்டியில் துடைத்துவிட்டு மறுபடி.
"தேங்காண்ணெய் தடவிப் பாருங்க" என்பாள்
வரிசையில் ஒருத்தி.

எண்ணெய்க்கு வருகிற ரேகை இல்லை அது.

விசாகப்பட்டினத்தில், கரையோரம் கட்டிக் கிடந்த கப்பலில்
ஒரு ஞாயிற்றுக்கிழமை, கறி வெந்துகொண்டிருந்த நேரம்
கொதிகலன் அறையில் தீ.
நீராவி வால்வு சிவந்திருந்ததாம்.
பதினொரு சுற்று, வெறுங்கையால்.
அப்புறம் மூன்று தடவை புகைக்குள் போயிருக்கிறார்.
இரண்டு பேரைத் தூக்கிவந்தார்.
மூன்றாம் தடவை யாரும் இல்லாமல் திரும்பியதைப் பற்றி
பதக்கத்தோடு வந்த தாளில் ஒரு வரி கிடையாது.

'அமைதிக் காலத்தில் காட்டிய வீரத்துக்காக.'
லேமினேட் பண்ணி வைத்திருக்கிறார்.
ஒருநாள் கொண்டுவந்து காட்டினார்,
பெருமைக்கு இல்லை, விரலுக்கு அத்தாட்சியாக.
மெஷினில் இதற்கு இடமில்லை சார் என்றேன்.
"எனக்கு எப்பவும் ஒரு கட்டம் குறைச்சல்தான் தம்பி."

ஹட்டன் பக்கம் லயத்தில் பிறந்தவர்.
கடலையே பார்த்திராத வயதில்
அங்கே அவர் பெயர் கள்ளத்தோணி.
ஒன்பதாம் வயதில் ஒரு தகரப்பெட்டியோடு
தலைமன்னாரில் ஏறி, வழியெல்லாம் வாந்தி.
மண்டபம் முகாமில் பேர் எழுதியவர்
அடைக்கலம் என்று எழுதிவிட்டார்.
திருத்தச் சொல்ல அப்பாவுக்குப் பயம்.
கொழுந்து தெரிந்த கைகள் என்று
மலைக்கு அனுப்பினார்கள்.
இங்கே சிலோன்காரர். கப்பலில் மதராசி.
எந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிட்டபோது
வால்வைப் பிடித்தாரோ,
நான் கேட்டதில்லை.

கடைசியில் மகள் செல்லுக்கு ஓடிபி போகும்.
தவமலர் திருப்பூரில், பனியன் கம்பெனியில்.
தையல் மெஷின்களுக்கு மேலே கத்தி
ஆறு எண் சொல்வாள்.
அந்த ஆறு எண்தான் அரசாங்கத்துக்கு அடைக்கன்.
அரிசி, சர்க்கரை, ஒரு பாக்கெட் பாமாயில்.

நேற்று மூன்றரைக்கே மூடுபனி.
ஃபாக்டரிப் புகைக்கூண்டைக் காணோம்;
வளைவில் பஸ் ஹாரன் மட்டும்.
ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு
மூட்டை எண்ணிக்கொண்டிருந்தேன்.
செருப்புச் சத்தம் வெளியே வந்து நின்றது.
"உள்ளே யாராவது இருக்கீங்களா?"
அடைக்கன்தான். ஆனால் கடைக்கு வருகிற குரல் இல்லை.
எண்ணிக்கை விட்டுப்போயிற்று.
"உள்ளே யாராவது?"
ஷட்டர் தகரம் அதிர்ந்தது.
"இருக்கேன்" என்றேன்.
பதில் இல்லை.
மூச்சு வாங்குவது மட்டும் கேட்டது.
"இருக்கேன் சார்" என்றேன் மறுபடி,
ஷட்டரைத் தூக்கிக்கொண்டே.
"பருப்பு லோடு இன்னும் வரலை.
செவ்வாய்க்கிழமை வாங்க."