பதினோராம் கட்டில்

மஹரகமவில், மாதக் கடைசிச் சனி.
வட்டமாய்ப் போட்ட பிளாஸ்டிக் கதிரைகள்.
"போனவங்கட பேர் சொல்லுங்க,"
மிஸ்ஸி தனக்கு வந்த தமிழில் கேட்டார்.

வாய் திறந்தேன்.
"பதினோராம் கட்டில்" என்று வந்தது.

ஒன்பது கிழமை அப்படித்தானே.
பதினொன்றுக்கு ஊசி, பதினொன்றுக்குக் கஞ்சி,
பிறகொரு விடியலில்
பதினொன்றின் ஆள் யாரு, வாங்க.

யாரும் சிரிக்கவில்லை.
"எங்கட உம்மா பன்னிரண்டு,"
எதிர்க் கதிரை ரிஸானா சொன்னாள்.
"ராவையில உங்கட மிஸிஸ் இருமினா
'மனோகரி, சாஞ்சு படுங்க'ண்டு சொல்லுவா."

மனோகரி.
பார்வை நேரம் முடிந்து
நான் கொட்டாஞ்சேனைக்குப் போன பிறகும்
அவளை யாரோ பெயர் சொல்லி அழைத்திருக்கிறார்கள்.

வெளியே நூற்றிமுப்பத்தெட்டு
புறக்கோட்டை, புறக்கோட்டை என்று கத்தியது.
போகட்டும்.
கதிரையை இழுத்துப் போட்டேன்:
"வேற என்ன கதைச்சவை?"