நாற்பத்து மூன்றாம் குழி

செம்மண்டலத்திலிருந்து கம்மியம்பேட்டை வரை
இருநூற்றுப் பன்னிரண்டு குழிகள்.
நட்டவர்கள் கைகழுவ
அன்றைக்குத் தண்ணீர் ஊற்றியவள் நான்.
மறுநாளிலிருந்து
கன்றுகளுக்கு ஊற்றுகிறேன்.

இருசப்பன் டேங்கரை ஓட்டுவான்.
மெதுவா, மெதுவா என்று
பின்னால் கத்திக்கொண்டே
ஓஸைத் தோளில் போட்டு நடப்பேன்.
அடித்தண்டில் பீய்ச்சக் கூடாது.
பாத்தியில் தண்ணீர் உட்கார வேண்டும்,
குளித்துவிட்டு ஓடக் கூடாது.

ஆள்காட்டி விரலை
மண்ணில் இரண்டு கணு இறக்குவேன்.
ஈரம் தட்டினால் நகர்ந்துவிடுவேன்.
"அதுக்கு ஏம்மா ஊத்தல?"
கணக்கெடுக்க வருபவர் கேட்பார்.
அவர் நோட்டில்
ஊற்றியதற்கு ஒரு கட்டம் இருக்கிறது.
ஊற்றாமல் விட்டதற்கு இல்லை.

நெல்லிக்குப்பம் போகும் கரும்பு லாரிகள்
வளைவில் உதிர்க்கிற சோகையைப் பொறுக்கி
பாத்திக்கு மெத்தை போடுவேன்,
தண்டைத் தொடாமல்
நாலு விரல் தள்ளி.
தொட்டால் அழுகும்.
இதைச் சொன்னதற்கு இருசப்பன்
"சம்பந்தி வீடு மாதிரி" என்றான்.

தொண்ணூறாவது குழிக்கு
டீக்கடை மரியசூசை
பாத்திரம் கழுவிய நீரை ஊற்றுகிறார்.
நல்ல மனசுதான்.
சுடச்சுட ஊற்றுகிறார்.

கிளையைக் கழித்துவிட்டால்
சரசரவென்று உயருமாம்,
அதுவும் இருசப்பன்தான்.
முதல் வருஷம் கத்திரி எடுக்காதே,
கத்திரி வெயில்
எடுத்துக்கொள்வது போதும் என்றேன்.

நாற்பத்து மூன்றில் இருந்தது பாதிரி.
ஊரின் பேரிலேயே இருக்கிற மரம்.
சித்திரை பிறந்ததும்
இலைநுனி காகிதமாய்ச் சுருண்டது.
கூட ஒரு குடம் ஊற்றினேன்,
மஞ்சளானது.
நிறுத்திப் பார்த்தேன்,
உதிர்ந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை
யாரும் சொல்லாமல் போய்
கையால் தோண்டினேன்.
முழங்கை ஆழத்தில்
கறுப்பாய்ப் பளபளத்தது.
பை.
நர்சரிப் பையோடு
நட்டிருக்கிறார்கள்.
வெளியே போக வழியின்றி
வேர்கள் தம்மையே சுற்றிச் சுற்றி
பிளாஸ்டிக்கின் அச்சில்
உருண்டு கிடந்தன.

யார் நட்டது என்று தெரியும்.
பேர்ப்பலகை இருக்கிறது.
அதற்கு ஒரு குறையும் இல்லை,
வாரம் ஒருமுறை துடைக்கிறார்கள்.

மகளின் பென்சில் டப்பா பிளேடால்
பையைக் கிழித்தேன்.
சுருண்ட வேரை மூன்று இடத்தில் கீறினேன்.
அறுக்கும்போது
எனக்குப் பல் கூசியது.
எடுத்த மண்ணையே திரும்பத் தள்ளி
மேற்கு வெயிலுக்குப்
பழைய பாவாடை ஒன்றைக்
குச்சிகளில் கட்டிவிட்டு வந்தேன்.
உரம் கிரம் ஒன்றும் வைக்கவில்லை.
பிழைத்து எழுந்த பிள்ளைக்கு
முதலில் கஞ்சிதானே.

இருபது நாள்
அது என்னைப் பார்க்கவே இல்லை.
பிறகு அடியில் ஒரு கணுவில்
செம்பு நிறத்தில் ஏதோ.
இருசப்பனிடம் காட்டினேன்.
"பூச்சியா?" என்றான்.

தானே புயலைப் பார்த்த ஊர் இது.
எதையும் இறுக்கிக் கட்டத்தான்
கை போகும்.
ஆவணியில் முட்டுக்கோல்களைப் பார்த்தேன்.
நைலான் கயிறு பட்டையில் இறங்கி
மோதிரம் கழற்றிய விரல்போல்
தடம்.
ஒவ்வொன்றாய்த் தளர்த்திக்கொண்டு போனேன்.
"காத்தடிச்சா யார் பதில் சொல்றது?"
மேஸ்திரி கேட்டார்.
ஆடினால்தான் தண்டு பருக்கும் என்றேன்.
அவர் வானத்தைப் பார்த்தார்.
கடல்காற்று வந்தது.
எல்லாம் சாய்ந்தன, கொஞ்சம் பயமாகவே.
நிமிர்ந்தன.

புரட்டாசியோடு ஒப்பந்தம் முடிந்தது.
ஓஸை ஒப்படைத்துக் கையெழுத்துப் போட்டேன்.
மழை வரப்போகிறது,
இனி அது பார்த்துக்கொள்ளும் என்றார்கள்.
இருக்கலாம்.
விரல்தான் மறக்கவில்லை.
வீட்டில் மாவு டப்பாவிலும்
இரண்டு கணு இறக்கிப் பார்க்கிறது.

நேற்று வேறு வேலைக்காக
டவுன் பஸ்ஸில் போனேன்.
ஜன்னலோரம் எண்ணிக்கொண்டே வந்தேன்.
நாற்பது, நாற்பத்தொன்று,
நாற்பத்திரண்டு.
கரும்பு லாரி ஒன்று குறுக்கே வந்து
அப்படியே மறைத்தது.

அடுத்த நிறுத்தத்தில் இறங்கி
திரும்பி நடந்தேன்.